வார்டை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்கு நர்ஸாகப் போகலாமா?

நைட்டியூட்டி, கோவை:

ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடித்து ஆறு வருடம் ஆகிறது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் முதலில் ஆண்கள் வார்டு, இப்போது மூன்று வருடமாக எமர்ஜென்சி. மாதத்தில் பாதி நாள் நைட். பாப்பா ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகிறாள், மாமியாருக்கு மூட்டு வலி. இனி ராத்திரி வேலை ஓடாது. வீடு கருமத்தம்பட்டிப் பக்கம்.

அவிநாசிக்கு அருகில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நர்ஸ் கேட்கிறார்கள். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 900 பேர் இருப்பார்களாம். பின்பக்கம் சொந்தச் சாயப்பட்டறையும் உண்டு. காலை எட்டரைக்குப் போய் ஐந்தரைக்குத் திரும்பலாம், ஞாயிறு லீவு, வேன் வீட்டுப் பக்கத்திலேயே ஏற்றிக்கொள்ளும். சம்பளம் இப்போது வாங்குவதை விட 1,500 குறைவு. அது பரவாயில்லை.

என் பயம் வேறு. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவாராம், மற்ற நாளெல்லாம் நான் ஒருத்தி. இங்கே குரல் கொடுத்தால் டியூட்டி டாக்டர் ஓடி வருவார், அங்கே யாரைக் கூப்பிடுவது? கூட வேலை செய்பவர்களோ, "பிளாஸ்திரி ஒட்டி ஒட்டியே ஐ.வி. போடக்கூட மறந்துடுவே" என்று கேலி செய்கிறார்கள். இந்த வேலைக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? தனியாகக் கோர்ஸ் ஏதாவது உண்டா? வியாழக்கிழமை இன்டர்வியூ.

பல்லடத்துக்காரி:

கண்ணு, நான் இந்த வேலையில் 19 வருடம். முதல் ஏழு வருடம் ஒரு நூல் மில், அப்புறம் மூன்று வருடம் அரசூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரி, இப்போது பனியன் கம்பெனி. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்.

பிளாஸ்திரி கேலியை விடு. 500 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் ரூமும் அதற்கு மருத்துவரும் நர்ஸும் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. புதிதாக வந்த 2020 சட்டத் தொகுப்பிலும் அதே 500தான். ஆக, உன்னை வைத்துக்கொள்வது முதலாளி காட்டுகிற தயவு இல்லை. இன்டர்வியூவில் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், மனதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும்.

தனியாக இருக்கும் பயத்துக்கு ஒரே மருந்து ஸ்டாண்டிங் ஆர்டர். டாக்டர் இல்லாத நாளில் எந்தப் புகாருக்கு எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம், எந்த நிலையில் யோசிக்காமல் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள். முதல் வாரமே கேட்டு வாங்கு. "அதெல்லாம் எதுக்கும்மா, போன் பண்ணு போதும்" என்பார். விடாதே. அவர் ஆபரேஷனில் இருக்கும் நாளில்தான் இங்கே ஒருவனுக்கு நெஞ்சு வலி வரும்.

அப்புறம், ரூமில் உட்காராதே. எமர்ஜென்சியில் இருந்து வருகிற எல்லோரும் செய்கிற தப்பு இது. ஆள் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பார்கள். முதல் மாதம் தினமும் ஒரு மணி நேரம் ஃப்ளோரில் நட. ஓவர்லாக் தையல் மெஷினில் கை எங்கே போகிறது, கட்டிங் மாஸ்டர் எந்தக் கையில் இரும்பு வலைக் கையுறை போட்டிருக்கிறார், அயர்ன் டேபிள்காரர் எத்தனை மணி நேரம் நிற்கிறார், செக்கிங் பெண்கள் தண்ணீர் பாட்டிலை மூடியே வைத்திருக்கிறார்களா என்று பார். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. பாத்ரூம் போனால் பீஸ் குறையும் என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். நீர்க்கடுப்பு என்று மாதத்துக்கு நாலு பேர் வருவார்கள். ஆன்டிபயாடிக் எழுதி வாங்கிக் கொடுத்தால் மட்டும் அது தீராது.

இப்போது ரெஜிஸ்டர் கதை. நான் இங்கே சேர்ந்தபோது ரெஜிஸ்டரில் பெயர், வயது, புகார், மருந்து என்று நாலே கட்டம். ஸ்கேல் வைத்து இன்னும் மூன்று கட்டம் போட்டேன்: லைன் நம்பர், என்ன மெஷின், எத்தனை மணி. சூப்பர்வைசர்கள் சிரித்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், விரலில் ஊசி ஏறிய 11 பேரில் 7 பேர் ஒரே லைன், எல்லாம் ராத்திரி ஏழு மணிக்கு மேல். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலையில் வந்தவர்களே ராத்திரி வரை தைப்பது, உனக்கே தெரியும். ஆனால் ஒன்றரை ஷிப்ட் எல்லா லைனுக்கும்தானே? ஏழரை மணிக்கு அந்த லைனில் போய் நின்றேன். கருநீலத் துணி ஓடிக்கொண்டிருந்தது, கருநீல நூல். மேலே ஒரு டியூப் லைட் செத்துக் கிடந்தது. நூல் கோர்க்க இடைஞ்சல் என்று மூன்று மெஷினில் விரல் தடுப்பைக் கழற்றி டிராயரில் போட்டிருந்தார்கள். நான் கண்டுபிடித்தது அவ்வளவுதான். மெக்கானிக் தடுப்பை மாட்டினார், ஒவ்வொரு மெஷின் தலையிலும் சின்ன எல்.இ.டி. விளக்கு வந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் அந்த லைனிலிருந்து வந்தது ஒரே ஒரு விரல். சூப்பர்வைசர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஊசி ஏறி வந்தால் கட்டுப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "மீதி ஊசி எங்கே?" உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி டேப் போட்டு ஒட்டி வைக்கிற நோட்டு லைனில் இருக்கும். துண்டு துணிக்குள் போய் வெளிநாட்டுக் குழந்தையைக் குத்திவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. நமக்கு வேறு விதத்தில் பயன்படும். ஒட்டிய துண்டுகளைச் சேர்த்தால் முழு ஊசி வருகிறதா பார். வரவில்லையா, ரத்தம் நின்றுவிட்டது, வலி இல்லை என்று அந்தப் பெண் எவ்வளவு சொன்னாலும் விரலை எக்ஸ்ரே எடுக்காமல் விடாதே. என்னிடம் வந்த ஒருத்தி, "துணியோட போயிருக்குங்கக்கா" என்று அடித்துச் சொன்னாள். படத்தில் நகத்துக்குக் கீழே அரை சென்டிமீட்டர் கம்பி வெள்ளையாகத் தெரிந்தது. டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்க மறக்காதே, பாதிப் பேருக்கு நினைவே இருக்காது.

சாயப்பட்டறை இருக்கிறது என்றாயே, அதற்கு என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தம்பிக்குக் கண்ணில் காஸ்டிக் சோடா என்கிற கடுங்காரம் தெறித்துவிட்டது. நான் சலைன் பாட்டிலால் ஐந்து நிமிடம் கழுவினேன். "எரிச்சல் குறைஞ்சிருச்சுங்க" என்றான். பேட் வைத்துக் கோவைக்கு வேனில் அனுப்பிவிட்டேன். அங்கே கண் டாக்டர் போனில் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை நிமிடம் கழுவினீங்க?" நான் பதில் சொன்ன பிறகு அவர் எதுவும் பேசவில்லை. அந்தத் தம்பிக்குக் கருவிழியில் சின்ன வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அமிலத்தை விடக் காரம் மோசம், எரிச்சல் குறைந்த பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே போகும். மருத்துவமனையில் படித்த பாடம்தான், ஆனால் அங்கே நம்மிடம் வரும்போது யாராவது ஏற்கெனவே கழுவியிருப்பார்கள். இங்கே அந்த யாராவது நீதான்.

இப்போது நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குழாயடியில் அரை மணி நேரம் கழுவுவேன், இமையைப் புரட்டி உள்பக்கமும். அப்புறம் அமிலமா காரமா என்று காட்டுகிற பி.ஹெச். தாளைக் கண்ணின் ஓரத்தில் தொட்டுப் பார்ப்பேன். அந்தத் தாளுக்கு எங்கேயும் அலைய வேண்டாம், சாயப்பட்டறை லேபிலேயே கட்டுக் கட்டாக இருக்கும். 7க்குப் பக்கத்தில் வருகிற வரை தண்ணீர், பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஒரு தாள். காரத்தை முறிக்கிறேன் என்று யாராவது வினிகரோ எலுமிச்சையோ கொண்டுவந்தால் விரட்டு.

மில்லில் கற்றது ஒன்று. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமில் 20 வருடம் இருந்த ஒரு அண்ணன், திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும் வருவார். "நெஞ்சுல பாரம் வெச்சாப்பல இருக்குதுங்கம்மிணி, செவ்வாக்கெழம சரியாப் போயிருமுங்க." ஞாயிற்றுக்கிழமை கறி, தண்ணி என்று நானும் கேஸ் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். பஞ்சுத் தூசியால் வருகிற பிஸினோசிஸ் இப்படித்தான் தொடங்கும் என்று வந்துபோகிற ஒரு டாக்டர் சொன்ன பிறகுதான் உறைத்தது. லீவு முடிந்து தூசிக்குள் திரும்புகிற முதல் நாளில் நெஞ்சு இறுகும், நாளாக நாளாக மற்ற நாட்களுக்கும் பரவும். அதனால் ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரியைத் திங்கட்கிழமை வேலைக்கு முன் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை எடுக்க வேண்டும். காது சோதனை அதற்கு நேர் எதிர். தறிச் சத்தத்தில் நின்று வந்தவனுக்கு அப்படியே ஆடியோமெட்ரி எடுத்தால் இல்லாத குறையும் தெரியும். குறைந்தது 14 மணி நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வரட்டும், அதற்கும் திங்கள் காலைதான் வசதி. சத்தத்தால் கெடுகிற காதுக்குச் சோதனை வரைபடத்தில் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழும். அவனுக்கே தெரியாது, வீட்டில் டி.வி. சத்தத்துக்குச் சண்டை வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டு மெஷினையும் கையாளக் கற்றுக்கொள். ஊதச் சொல்வதே ஒரு கலை. "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கூடவே நீயும் மூச்சு வாங்க வேண்டும். ஒழுங்கான மூன்று ஊதல் இல்லாமல் பிரின்ட் எடுக்காதே. கேம்ப் போடுகிறவர்கள் சிலர் ஆளுக்கு ஒரு ஊதல், அடுத்து வா என்று 300 பேரை ஒரு காலையில் முடிப்பார்கள். அந்தப் பேப்பரில் சுண்டல் மடிக்கலாம்.

இந்தி கற்றுக்கொள், மருத்துவ இந்தி மட்டும் போதும். என்னிடம் முதன்முதலில் வந்த ஒடிசாப் பையன் தலையைப் பிடித்துக்கொண்டு "சக்கர், சக்கர்" என்றான். இந்த வயதில் சர்க்கரை வியாதியா என்று விரலைக் குத்தி சுகர் பார்த்தேன். 92. அவன் இன்னும் "சக்கர்" என்கிறான், நான் இன்னும் மீட்டரைக் காட்டி "சக்கரை நார்மல்" என்கிறேன். கடைசியில் பேக்கிங்கில் இருந்து ஒருவர் வந்து, சக்கர் என்றால் தலைசுற்றல் என்று சொல்லிச் சிரித்தார். பையன் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தான். மயங்கி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ரகம்தான், அதனால் ரூமில் எப்போதும் ஒரு பொட்டலம் பொரிகடலையும் வெல்லமும் வைத்திருக்கிறேன். பெண்களாக இருந்தால் ஹீமோகுளோபினும் பார்த்துவிடு. 12க்கு மேல் இருக்கிறவளைக் கண்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கோர்ஸ் கேட்டாய். ஏ.எஃப்.ஐ.ஹெச். என்று எல்லோரும் சொல்வார்கள், அது டாக்டர்களுக்கு உரிய தொழில் சுகாதாரப் படிப்பு, நமக்கு இல்லை. சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. தொழில் சுகாதாரம் பற்றி அவ்வப்போது பயிற்சி நடத்துவார்கள், கம்பெனியை அனுப்பச் சொல். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவிச் சான்றிதழை நீயும் வாங்கிக்கொள், லைனுக்கு ஒருவராவது வாங்கும்படி செய். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்பது 1948 சட்டத்தின் கணக்கு, 900 பேருக்கு ஆறு. அந்தப் பெட்டியில் விதியில் சொன்னது தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. போன வாரம் ஒரு பெட்டியைத் திறந்தேன், உள்ளே இரண்டு பான்பராக், ஒரு செல்போன் சார்ஜர்.

பெருந்துறை சேஃப்டி:

அக்கா சொன்னதில் சேர்க்க இரண்டு இருக்கிறது. நான் நர்ஸ் இல்லை, சேஃப்டி ஆபீசர்.

ஒன்று, கழிவுநீர்த் தொட்டி. சாயப்பட்டறை என்றால் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். தொட்டிக்குள் ஒருவர் விழுந்தார் என்று போன் வந்தால் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள், தெரியும். உள்ளே மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள், யாரையும் இறங்க விடாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை வாடை அடிக்கும் என்று படித்திருப்பீர்கள். அளவு கூடினால் மூக்கு செத்துப்போய் வாடையே தெரியாது. காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று ஒரே தொட்டியில் சாவது இப்படித்தான். மூச்சுக் கருவியோடு ஆள் வந்து வெளியே தூக்கிய பிறகுதான் உங்கள் வேலை. சேரும்போதே அந்தப் பக்கம் ஒரு ஒத்திகை வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு. கம்பெனிக்குள் அடிபட்டதை "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று எழுதச் சொல்லிக் கேட்பார்கள். விபத்து என்று பதிவானால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும், நோய் என்று போனால் 70தான். கை நிரந்தரமாகப் பாதித்தால் பின்னால் மெடிக்கல் போர்டுக்குப் போக அந்த முதல் பேப்பர்தான் ஆதாரம். உங்கள் ரெஜிஸ்டரில் நேரத்தோடு எழுதிய வரியை யாரும் பிறகு மாற்ற முடியாதபடி பேனாவால் எழுதுங்கள். 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத விபத்து என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தகவல் போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள எங்களைப் போன்ற ஆட்கள் இருக்கிறோம், ஆனால் நீங்கள் சொன்னால்தான் எங்களுக்கே தெரியும்.

எட்டுமாசம்:

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நான் எட்டு மாதத்தில் ஓடி வந்தவள். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். மாதவிடாய் வலி என்று வருகிற பிள்ளையைப் பத்து நிமிடம் படுக்க வைத்தால், சூப்பர்வைசர் கதவில் வந்து நிற்பார். "மாத்திரை குடுத்து அனுப்புங்க சிஸ்டர், லைன் நிக்குது." தினமும் இருபது முப்பது வலி மாத்திரை. எவளுக்கு வயிற்றுப் புண், எவளுக்கு மாதம் தள்ளியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட என்னை, "நீங்க என்ன டாக்டரா" என்றார்கள். யோசித்துப் போங்கள்.

பல்லடத்துக்காரி:

எட்டுமாசம், நீ ஓடி வந்ததில் தப்பே இல்லை. எனக்கும் மில்லில் அப்படி ஒரு வருடம் போனது.

டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. ஸ்டாண்டிங் ஆர்டர் வாங்கு என்று நான் கத்துவது இதற்கும் சேர்த்துத்தான். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சூப்பர்வைசர் வந்து நின்றால் வாதம் பண்ண மாட்டேன், சுவரைக் காட்டுவேன். வெந்நீர்ப் பை இரண்டு, கட்டில் இரண்டு. ஒரே பிள்ளை மூன்று மாதம் தொடர்ந்து வந்தால் டாக்டர் வருகிற நாளில் பார்த்தே ஆக வேண்டும். யாருக்கு எத்தனை மாத்திரை என்ற எண்ணிக்கை மாதாமாதம் மேனேஜர் மேஜைக்குப் போகும், பெயர் இல்லாமல், லைன் வாரியாக. ஒரு லைனில் மட்டும் எண்ணிக்கை ஏறினால் அங்கே சூப்பர்வைசர் எப்படி என்று அவர்களே விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நைட்டியூட்டி, கோவை:

அக்கா, எல்லோருக்கும் நன்றிங்க. வியாழக்கிழமை போய் வந்தேன். ரூம் நன்றாகவே இருக்கிறது, கட்டில், ஆக்ஸிஜன், சக்‌ஷன் எல்லாம் உண்டு. ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கிற சாவியைத்தான் காணோம். ஸ்டோரில் இருக்கும் என்றார்கள், ஸ்டோர்காரர் லீவு.

ஒன்று உறுத்துகிறது. ஹெச்.ஆர். மேடம் பேச்சோடு பேச்சாக, "புதுசா சேர்ற லேடீஸுக்கு யூரின் டெஸ்ட் நீங்களே பண்ணிடுவீங்கல்ல" என்றார். சர்க்கரைக்கா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கர்ப்பம் பார்க்கச் சொல்கிறார்களோ?

பல்லடத்துக்காரி:

அதையேதான் சொல்கிறார். செய்யாதே. சேரும் முன்பே தெளிவாக்கிக்கொள், சேர்ந்த பிறகு சொன்னால் முரண்டு என்பார்கள்.

சண்டையாகச் சொல்லவும் வேண்டாம். அந்தக் கம்பெனி, தொழிலாளரை ஒழுங்காக நடத்துவதற்குக் கொடுக்கிற எஸ்.ஏ. 8000 சான்றிதழ் வைத்திருந்தால் அதிலேயே கர்ப்பப் பரிசோதனை எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்று இருக்கிறது. "மேடம், ஆடிட்ல கேட்டா ரெஜிஸ்டர்ல இருக்குமே" என்று அப்பாவியாகக் கேள். திருப்பூரில் ஆடிட் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் இல்லை.

வேலையில் இருக்கும்போது ஒருத்தி கர்ப்பம் என்று உன்னிடம் சொன்னால் அது வேறு. அவளை நிற்கிற வேலையிலிருந்து உட்காருகிற வேலைக்கு மாற்றச் சொல்ல வேண்டும், கறை எடுக்கிற ஸ்ப்ரே பக்கம் விடக் கூடாது. ஹெச்.ஆரிடம் போகிற தாளில் "உட்கார்ந்து செய்யும் வேலை, கெமிக்கல் பக்கம் வேண்டாம்" என்று மட்டும் எழுது, காரணத்தை எழுதாதே. அவளே சொல்லிக்கொள்வாள், சொல்ல நினைக்கும் நாளில். 26 வாரப் பிரசவ விடுப்புச் சம்பளம் இ.எஸ்.ஐ.யில் இருந்து வரும் என்பதைப் பாதிப் பேருக்கு யாருமே சொன்னதில்லை, அதை நீ சொல்லு. உன் பீரோவுக்குச் சாவி உன்னிடம் மட்டும் இருக்க வேண்டும். ஃபைல் கேட்டால் டாக்டர் வரட்டும் என்று சொல்.

ஆக்ஸிஜன் சாவியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேருகிற அன்று முதல் வேலையாக அதை வாங்கி, ஒரு நாடாவில் கட்டி, சிலிண்டர் கழுத்திலேயே தொங்கவிடு. இரண்டாவது சாவி ஒன்று ஹார்டுவேர் கடையில் வாங்கி உன் பையில் வை. பில்லைக் கம்பெனியிடம் கேள், கொடுப்பார்கள்.

நைட்டியூட்டி, கோவை:

மேடத்திடம் போனில் அப்படியே கேட்டேன் அக்கா. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அது பழைய ஃபார்மேட், எடுத்துடலாம்" என்றார். ஒன்றாம் தேதி சேருகிறேன். நேற்றே சாவி வாங்கிவிட்டேன்.